லக்கலப் பாதையில் ஒரு பிறேக் பாடம்

மாத்தளையிலிருந்து லக்கலவுக்குச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. ரத்தோட்டை வழியாக மலையேறி, ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து, பிட்டவலப் பத்தனையின் புல்வெளியை ஒட்டி இறங்கி, இலுக்கும்புர ஊடாகப் பள்ளேகமப் பக்கம் சேர்வது ஒன்று. யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியில் நாவுல வரை சென்று, அங்கிருந்து கிழக்கே திரும்பி, மொரகஹகந்த அணைக்கட்டுப் பக்கமாக வருவது மற்றொன்று. முன்னது கண்ணுக்கு விருந்து. பின்னது வண்டிக்கு ஆறுதல். சென்ற விடுமுறையில் நாம் முன்னதால் போய்ப் பின்னதால் திரும்பினோம். அந்த இரண்டு நாட்களில் எம் வண்டி மூன்று விதமாக எம்முடன் பேசியது. மூன்றில் எதற்கு அஞ்ச வேண்டுமோ அதற்கு நாம் அஞ்சவில்லை; அஞ்ச வேண்டாதவற்றுக்கு வீடே கலங்கிப் போயிற்று. வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்கும், பள்ளியில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இக்கதை பயன்படக்கூடும் என்று தோன்றியதால் இவ்வாரம் அதனையே எழுதத் துணிந்தோம்.

வண்டியை எம் மைத்துனர் ஓட்டினார். அருகே நாம், பின்னால் எம் சகோதரியும், இவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் அவள் மகனும். வண்டி ஜப்பானில் செய்த சிறு கார். தானாகவே கியர் மாறும் வகை. வயது பதினைந்துக்கு மேல். அதை எண்ணி யாரும் நகைக்க வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுக் காலத்தில் இந்நாட்டுக் குடும்பங்கள் பல, பழைய வண்டியைப் பாட்டனாரைப் பேணுவது போலப் பேணிக் காத்தன. எம் மைத்துனரும் அவ்வாறே. கழுவித் துடைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பிறேக் ஒயில் மாற்றி எத்தனை ஆண்டாயிற்று என்று கேட்டால் மட்டும் வானத்தைப் பார்ப்பார்.

லக்கலவில் அவருடைய நண்பர் புது வீட்டுக்குக் குடிபுகுந்திருந்தார். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகரத்தை விட்டு மக்கள் இடம்பெயர, 2018ஆம் ஆண்டில் புதிய லக்கல நகரம் திறக்கப்பட்டது வாசகர்கள் அறிந்ததே. பழைய கடைத்தெரு இப்போது நீருக்கடியில் இருக்கிறது. நண்பரின் வீடோ நகரிலிருந்து சற்று விலகி, மண்பாதை ஒன்றின் முடிவில் இருக்கிறது. அந்த மண்பாதை பின்னர் இக்கதையில் வரும்.

ரிவர்ஸ்டனில் காற்று ஆளைத் தள்ளிற்று. மூடுபனி விலகிய ஒரு கணத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் முகடுகள் தெரிந்தன, மறுகணம் மறைந்தன. அங்கிருந்து இறக்கம் தொடங்கியது. மைத்துனர் கியரைத் தொடவேயில்லை. 'டி' என்ற நிலையிலேயே வண்டியை விட்டு, வளைவு தோறும் பிறேக்கை மிதித்தார். வளைவுக்கும் வளைவுக்கும் இடையிலும் மெல்ல மிதித்தபடியே வந்தார். பத்தனையைத் தாண்டிச் சில வளைவுகள் கடந்ததும், எரிந்த துணியையும் பழைய ரப்பரையும் சேர்த்தாற்போல ஒரு நெடி எழுந்தது. "யாரோ குப்பை கொளுத்துகிறார்கள்" என்றாள் சகோதரி. மேலும் இரண்டு வளைவுகள். அப்போது மைத்துனர் ஒன்றும் பேசாமல் முகம் வெளிறியதை நாம் கண்டோம். பிறேக் மிதி வழக்கத்தை விடக் கீழே போகிறது, பஞ்சை மிதிப்பது போல இருக்கிறது என்று பின்னர் சொன்னார். சத்தம் ஏதுமில்லை. நடுக்கம் ஏதுமில்லை. வண்டி பட்டுப் போல இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் செய்தது சரியான காரியம். மிதியை மீண்டும் மீண்டும் விரைந்து மிதித்தார். கியர்த் தண்டைப் பின்னே இழுத்து 'எல்' நிலைக்குக் கொண்டுவந்தார். எஞ்சின் உறுமிற்று, வண்டி தளர்ந்தது, வீதியோரத்தில் சற்று அகன்ற இடத்தில் நின்றது. எஞ்சினை நிறுத்திவிடாமல் இருந்தாரே, அதுவும் நன்று. எஞ்சின் நின்றால், பிறேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிட உதவியும் சில மிதிகளில் தீர்ந்து போகும். பின்னர் முழு உடற்பலத்தால் மிதிக்க நேரும். பையன் இறங்கி முன்சில்லுகளின் முன்னே இரண்டு கற்களை வைத்தான். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்தன்று தேர்கள் பவனி வரும்போது சில்லுக்கடியில் கட்டை இடுவோரை அவன் சிறுவயது முதல் பார்த்திருக்கிறான். முட்டுக்கட்டை என்ற சொல்லை நாம் இன்று இடையூறு என்ற பொருளிலேயே வழங்குகிறோம். தேர்க்காரருக்கு அது உயிர்காக்கும் பொருள்.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். ஆட்களையும் மூட்டைகளையும் சேர்த்து வண்டியின் திணிவு 1,200 கிலோகிராம் என்று கொள்வோம். இறங்கும் உயரத்தை, கணக்குக்கு எளிதாக, 1,000 மீற்றர் என்று கொள்வோம். திணிவு, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 1 கோடியே 20 இலட்சம் யூல் சக்தி வருகிறது. மலையேறும்போது பெற்றோல் கொடுத்த சக்தி அது; இறங்கும்போது எங்கேனும் கழிந்தே தீர வேண்டும். எவ்வளவு பெரிய தொகை என்றால், வீட்டில் தேநீருக்கு நீர் காய்ச்சும் 2,000 வாற்றுக் கேத்தலை 100 நிமிடங்கள் இடைவிடாது எரிப்பதற்கு ஈடு. சுமார் 38 லீற்றர் நீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றும் ரயர்களும் ஏற்கின்றன. எஞ்சின் ஏற்கக்கூடிய பங்கு பெரிது. ஆனால் கியர் குறைவாக இருந்தால்தான் அது ஏற்கும். மைத்துனர் எஞ்சினுக்கு ஒன்றும் கொடுக்காமல், சில்லுகளுக்குள் இருக்கும் சில இரும்புத் துண்டுகளின் தலையிலேயே ஏறத்தாழ முழுவதையும் சுமத்திவிட்டார்.

முன்சில்லில் சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் கௌவிப் பிடிப்பவை பேட் எனப்படும் இரு பட்டைகள். அவற்றை நெருக்குவது குழாய்க்குள் இருக்கும் பிறேக் ஒயில். எண்ணெய் என்று பெயரே தவிர, அது காற்றிலுள்ள ஈரத்தைத் தாகத்தோடு குடிக்கும் ஒரு திரவம். டொட் 3 என்னும் தரத்து ஒயில், புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாதிருக்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் தட்டின் வெப்பம் சில நூறு பாகையைத் தொடுவது அரிதன்று. அந்தச் சூடு பேட் வழியாக ஒயிலை எட்டி, அது கொதித்து ஆவியானால், மிதிக்கும் விசையெல்லாம் ஆவியை நசுக்குவதிலேயே செலவாகும். திரவம் நசுங்காது, ஆவி நசுங்கும் என்று ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே படித்த பாடந்தான். இதனால்தான் பல வண்டிகளின் கைநூல்கள் பிறேக் ஒயிலை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுகின்றன. ஓடிய தூரத்தை அல்ல, கழிந்த காலத்தை இங்கே கணக்கிடுகிறார்கள் என்பதைக் கவனிக்கவும். ஈரம், நிறுத்திவைத்த வண்டியிலும் ஏறும்.

நாற்சில்லிலும் உருளைப் பிறேக் இருந்த மொறிஸ் மைனர் காலத்தில் இந்த ஆபத்து வேறு உருவில் வந்தது. உள்ளிருந்து விரியும் பட்டைகள் உருளையைத் தேய்க்கும்போது உருளை சூடேறிப் பெருக்கும். பெருத்தால் பட்டையை விட்டு விலகும். மிதி கீழே போகும். அந்நாளைய சாரதிகள் இதை நன்கு அறிந்திருந்தனர். எந்தக் கியரில் மேட்டை ஏறுகிறாயோ அதே கியரில் இறங்கு என்பது அவர்களுடைய சட்டம். இன்றும் மலைப்பாதைகளில் பழகிய பஸ் சாரதிகளைக் கவனித்துப் பாருங்கள். இறக்கம் தொடங்குமுன்னரே கியரைக் குறைத்துவிடுவர். எஞ்சின் முனகிக்கொண்டே இறங்கும். பிறேக்கை எப்போதாவது, அழுத்தமாக, சிறிது நேரம் மிதித்து, உடனே விட்டுவிடுவர். மிதித்தபடியே வருவதை விட அது நல்லது; விட்ட இடைவெளியில் தட்டு காற்றில் ஆறும். தானியங்கிக் கியர் வண்டியில் 'எல்' அல்லது '2' என்று எழுதியிருப்பதும், இப்போது எங்கும் காணும் ஹைபிரிட் வண்டிகள் பலவற்றில் 'பி' என்று எழுதியிருப்பதும் இதற்காகவே. ஹைபிரிட் வண்டி இறக்கத்தில் மின்கலத்தை நிரப்பிக்கொண்டே வரும் என்பது உண்மைதான். மின்கலம் நிரம்பிய பின்னும் மலை முடிந்திராது. அந்த 'பி' எழுத்தைப் பல்லாண்டு வண்டி ஓட்டியும் ஒருமுறையேனும் தொடாதவர்களை நாம் அறிவோம்.

அன்று அரைமணி நேரத்துக்கு மேல் அங்கேயே காத்திருந்தோம். ஓடையிலிருந்து நீர் கொண்டுவந்து சில்லில் ஊற்றலாமா என்று பையன் கேட்டான். கூடாது. பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பில் குளிர்நீர் விழுந்தால் வெடிப்பும் கோணலும் நேரலாம். நாம் தடுத்தோம், அது ஒன்றுதான் அன்று எம்மால் விளைந்த நன்மை. ஆனால் இன்னொரு தவறு எமது கண்ணெதிரே நடந்தது, நாம் அறியவில்லை. கல் வைத்திருந்தும் நம்பிக்கை வராமல், மைத்துனர் முதற் பத்து நிமிடங்கள் பிறேக்கை அழுத்தி மிதித்தபடியே உட்கார்ந்திருந்தார். அதன் பலன் மறுநாள் தெரிந்தது.

மறுநாட் காலை புறப்பட்டோம். இரவு மழை பெய்து மண்பாதை சேறாகிக் கிடந்தது. ஆங்காங்கே சரளைக்கல் கொட்டியிருந்தார்கள். ஐம்பது அடி போகுமுன் இடப்பக்க முன்சில்லிலிருந்து ஒரு ஓலம் கிளம்பிற்று. தகரத்தை ஆணியால் கீறுவது போன்ற ஓசை. வண்டி விரைந்தால் அதுவும் விரைந்தது, தளர்ந்தால் தளர்ந்தது. சகோதரி அம்மனுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டாள். முதல்நாள் நெடியைக் குப்பை என்றவள், இப்போது இறங்கி நடந்தே போகலாம் என்றாள். மைத்துனர் பிறேக்கை மிதித்துப் பார்த்தார். மிதி பிடித்தது, ஓலம் மாறவில்லை. பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார். ஓலம் நின்றது. முன்னோக்கி வந்ததும் திரும்ப வந்தது.

சில்லுப் பக்கத்து ஓசைகளை அறிய முதலாவது கேள்வி இதுவே: பிறேக்கை மிதித்தால் ஓசை மாறுகிறதா, இல்லையா? மிதித்தபோது மட்டும் வருவது ஒரு வகை. மிதித்தால் நின்றுவிடுவது ஒரு வகை. மிதிப்பதைப் பொருட்படுத்தாமல் சில்லோடு சேர்ந்து பாடுவது மற்றொரு வகை. எமது ஓலம் கடைசி வகை.

மிதித்தபோது மட்டும் வரும் மெல்லிய கிறீச்சொலி பெரும்பாலும் அச்சம் தருவதன்று. வயலின் வாசிப்பவர் வில்லில் குங்கிலியம் தேய்த்துக் கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வில் நரம்பைப் பற்றி இழுக்கும், நரம்பு வழுவும், மீண்டும் பற்றும். இந்தப் பற்றுதலும் வழுவுதலும் விநாடிக்குப் பல நூறு முறை நிகழ்வதால் இசை பிறக்கிறது. பேட்டும் தட்டும் அவ்வாறே பற்றி வழுவும்போது, விநாடிக்கு ஆயிரம் முதல் பத்தாயிரத்துக்கும் மேலான அதிர்வுகள் எழலாம். இரும்புத் தட்டோ வெண்கலத் தாளம் போன்றது. சிறு அதிர்வையும் பெரிதாக்கி ஒலிக்கும். மழை நாளின் காலையில் முதல் இரண்டு மூன்று மிதிகளில் வரும் கரகரப்பு, இரவில் தட்டில் படர்ந்த துரு தேய்வதால் வருவது. கடைத்தெரு வருமுன் போய்விடும்.

இந்த ஓசை பிறேக் பிறந்தபோதே கூடப் பிறந்தது. இங்கிலாந்தில் பிரெடறிக் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே தட்டுப் பிறேக்குக்கு உரிமம் பெற்றார். அவர் செப்புப் பட்டைகளை இரும்புத் தட்டில் தேய்க்க வைத்தார். எழுந்த ஓலம் தாங்க முடியாததாக இருந்தது. 1907இல் ஹேர்பேர்ட் புரூட் என்பவர் அஸ்பெஸ்ரஸ் நாரினாலான பட்டையைப் பொருத்தியே அந்த ஓலத்தை அடக்கினார். புரூட் முன்னர் டாபிஷயர் மலைநாட்டில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பழைய சப்பாத்தைச் சில்லோடு சேர்த்துத் தேய்த்து வண்டியை அடக்குவதைக் கண்டு, அதிலிருந்தே தம் தொழிலைத் தொடங்கியவர் என்பர். மலைநாட்டில்தான் பிறேக்கைப் பற்றிய ஞானம் பிறக்கும் போலும். அஸ்பெஸ்ரஸ் தூசி நுரையீரலுக்குக் கொடிய கேடு என்பது பின்னர் தெளிவாகி, பல நாடுகள் அதை விலக்கிவிட்டன. எனினும் எந்தப் பிறேக் தூசியையும் வாயால் ஊதவோ, காற்றுக்குழாயால் அடிக்கவோ வேண்டாம். ஈரத்துணியால் துடைப்பதே உத்தமம்.

கிறீச்சொலி நீடித்து, நாள்தோறும் உரத்து வந்தால் சங்கதி வேறு. பல வண்டிகளின் பேட்டில் ஒரு சிறு இரும்பு நாக்கை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். பட்டை தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு வந்ததும் அந்த நாக்கு தட்டில் உரசிக் கூவும். அது அழைப்பு மணி. அதையும் கேளாதவர்களுக்கு அடுத்து வருவது, மிதிக்கும்போது இரும்பும் இரும்பும் அரைபடும் கரடு முரடான ஓசை. அந்த ஓசையோடு ஒரு மலைப்பாதையில் இறங்குவது அறிவீனம். பட்டை முழுவதும் தீர்ந்து, பின்னிருக்கும் இரும்பு தட்டைத் தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

எமது ஓலம் இவற்றில் ஒன்றுமன்று என்பது மட்டும் புரிந்தது. மெல்ல ஓட்டிக்கொண்டு மொரகஹகந்தப் பக்கமாக நாவுலவுக்கு வந்தோம். ஓலம் வரும்; போகும். பெருவீதியில் ஏறி மாத்தளை நோக்கித் திரும்பியதும் புதிய கூத்து ஒன்று தொடங்கிற்று. வேகம் எழுபதை எட்டியபோது ஸ்டியறிங் சக்கரம் மைத்துனரின் கையில் வெடவெடவென்று நடுங்கிற்று. ஐம்பதுக்கு இறங்கினால் நடுக்கம் அடங்கியது. "மாமா, அவ்வளவு வளைவுகளில் ஆடாத வண்டி, நேரான நல்ல வீதியில் ஏன் ஆடுகிறது?" என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. அப்போது எம்மிடம் விடை இல்லை. மேலும், வேகத்தில் போகையில் பிறேக்கை மிதித்தால், அதனினும் வேறான ஒரு துடிப்பு மிதியிலேயே காலுக்குத் தெரிந்தது. நாடி பார்ப்பது போல, விட்டு விட்டு.

மாத்தளை நகருக்கு வந்து முதலில் கண்ட கராஜில் வண்டியை விட்டோம். அங்கே வண்டியை உயர்த்தாமலே, சில்லைக் கழற்றாமலே, நாம் சொன்னதைக் கேட்ட மாத்திரத்தில் ஒரு நீண்ட பட்டியல் எழுதித் தந்தார்கள். இரு தட்டுகள், பேட் முழுத் தொகுதி, முன்புற அதிர்வு தாங்கிகள், ஸ்டியறிங் மூட்டுகள். அது எம் மைத்துனரின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிற்று. அவர் ஒப்புக்கொள்ளவே இருந்தார். நேற்று மலையில் பட்ட அச்சம் அவரை எதற்கும் தலையாட்ட வைத்தது. சகோதரிதான், இன்னொருவரிடமும் கேட்டுவிட்டு வருவோம் என்று பிடிவாதமாக நின்றாள். நடந்தே போகலாம் என்ற அதே சகோதரி.

அந்த இன்னொருவர் ஊரின் ஒதுக்குப்புறத்தில் சிறு கொட்டகை வைத்திருக்கும் முதியவர். எல்லோரும் நானா என்றே அழைப்பர். அவர் எம்மிடம் கேட்டவை மூன்றே கேள்விகள். மிதித்தபோதா, மிதியாதபோதா? எத்தனை வேகத்தில்? கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா? முன்சில்லின் குறை ஸ்டியறிங்கில் தெரியும். பின்சில்லின் குறை இருக்கையில் தெரியும் என்று பையனுக்கு விளக்கிக்கொண்டே ஜாக் வைத்து முன்பக்கத்தை உயர்த்தினார். கையால் சில்லைச் சுழற்றினார். ஓலம் கேட்டது. சில்லைக் கழற்றி, தட்டுக்குப் பின்னால் காவலாக இருக்கும் மெல்லிய தகட்டை ஒரு திருப்புளியால் அரை விரற்கடை வளைத்தார். பட்டாணி அளவில் ஒரு சரளைக்கல் தரையில் விழுந்தது. "இதுதான் சேர், உங்களெல்லாரையும் அழவைச்சது" என்றார்.

பின்னர் கழற்றிய சில்லைத் திருப்பி அதன் உட்புறத்தைக் காட்டினார். இரும்பு விளிம்பின் உள்வளைவில் லக்கலச் சேறு ஒரு பக்கமாக அப்பிக் காய்ந்து ஓட்டைப் போல ஒட்டியிருந்தது. நடுக்கத்தின் காரணம் அது. பையன் அன்றிரவே கணக்குப் போட்டான். அதை இங்கே தருகிறோம். 13 அங்குல விளிம்பின் ஆரை சுமார் 16 சென்றிமீற்றர். ஒரு பக்கத்தில் 50 கிராம் சேறு அதிகமாக இருப்பதாகக் கொள்வோம். 70 கிலோமீற்றர் வேகத்தில் அத்தகைய சில்லு விநாடிக்கு ஏறக்குறைய 11 முறை சுழலும். அப்போது அந்த 50 கிராம், சில்லை வெளியே இழுக்கும் விசை சுமார் 4 கிலோகிராம் பாரத்துக்கு ஈடு. விநாடிக்குப் பதினொரு முறை நாற்புறமும் நாலு கிலோப் பாரம் இடித்தால் கை நடுங்காமல் என்ன செய்யும்? மலைப்பாதையில் வேகம் 25க்கு மேல் ஏறுவதில்லை. விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது ஆகையால், அங்கே அதே சேறு அரைக்கிலோவுக்கு மேல் இழுக்காது. அது யாருக்கும் தெரியாது. ரயர் கடைகளில் சில்லைச் சமன்செய்யும்போது விளிம்பில் ஒட்டும் சிறு உலோகத் துண்டு விழுந்துவிட்டாலும் இதே கதைதான். சேற்றைச் சுரண்டிக் கழுவிய பின், காசு செலவின்றி அந்நடுக்கம் நீங்கியது.

ஆக, மலைவீதி சில்லின் குறையை மறைத்து பிறேக்கின் குறையைச் சோதிக்கிறது, பெருவீதி மறுபுறம். ஒரே வீதியில் மட்டும் ஓட்டிப் பார்த்து வண்டி சுகமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

மிதித்தபோது காலில் தெரிந்த துடிப்பு எஞ்சியிருந்தது. தட்டு வளைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். முதற் கராஜிலும் அப்படியே சொன்னார்கள். நானா தட்டின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். ஓரிடத்தில், பேட்டின் வடிவத்திலேயே, நீலமும் கறுப்புமாக ஒரு முத்திரை. மலையில் பத்து நிமிடம் மிதித்தபடி உட்கார்ந்திருந்தாரே, அப்போது கொதிக்கும் பேட்டின் பொருள் தட்டில் ஒட்டி அச்சாகப் பதிந்துவிட்டது. அவ்விடத்தில் தட்டு மயிரிழையிலும் குறைந்த அளவில் தடித்திருக்கும். தலைமயிர் ஒன்றின் தடிப்பு சுமார் 0.07 மில்லிமீற்றர். தட்டின் தடிப்பில் 0.02 மில்லிமீற்றர் வேற்றுமை இருந்தாலே பல வண்டிகளில் மிதி துடிக்கும். எனவே சூடான பிறேக்கோடு நின்றால், கியரையும் கல்லையும் நம்பிக் காலை எடுத்துவிட வேண்டும்; கூடுமானால் நிற்குமுன் சமதரையில் சிறிது தூரம் மெல்ல ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும்.

தட்டின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிப்பு எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். நானா அளவுகோலால் அளந்து, இன்னும் இடமிருக்கிறது என்று கண்டு, இரு தட்டுகளையும் கடைசல் பட்டறைக்கு அனுப்பி மெல்லியதாக ஒரு தோல் சீவுவித்தார். பொருத்துமுன் தட்டு அமரும் முகப்பிலிருந்த துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். அங்கே ஒரு துரும்பளவு துரு கிடந்தாலும் தட்டு சாய்ந்து சுழன்று, சில ஆயிரம் கிலோமீற்றரில் அதே நோய் திரும்பும் என்பது அவர் அனுபவம். பேட்டில் மூன்று மில்லிமீற்றரே மிஞ்சியிருந்தமையால் அதை மட்டும் மாற்றினோம்.

கடைசியாக எஞ்சின் மூடியைத் திறந்து பிறேக் ஒயில் குப்பியைப் பார்த்தார். தேன் நிறமாக இருக்க வேண்டியது கோப்பிக் கஷாயம் போல இருந்தது. அதுவரை எம்மோடு இன்முகமாகப் பேசிய மனிதர் முகம் கறுத்தார். "கல்லுச் சத்தத்துக்கு ஓடி வந்தீங்க. நேத்து மிதி கீழே போனதைக் கடைசியிலதானே சொன்னீங்க. அதை முதல்ல சொல்லியிருக்கணும், சேர்" என்றார் மைத்துனரைப் பார்த்து. மைத்துனர் தலைகுனிந்தார். நாமுந்தான். பழைய ஒயில் முழுவதையும் இறக்கி, நான்கு சில்லிலும் காற்று வெளியேறும்வரை புது ஒயில் செலுத்தி முடிக்க மாலையாயிற்று. மொத்தச் செலவு முதற் பட்டியலில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

சில்லுகளைப் பூட்டியபின் நானா ஒன்று சொல்லி அனுப்பினார். கழற்றிப் பூட்டிய சில்லின் நட்டுகளை நூறு கிலோமீற்றர் ஓடிய பின் ஒருமுறை திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும். நட்டுத் தளர்ந்து வரும் ஆட்டம், சேற்றால் வரும் ஆட்டம் போலவே தொடங்கும். வேகத்தைக் குறைத்தாலும் விடாது, சில்லுப் பக்கம் 'டக் டக்' என்று தட்டும். அப்படித் தோன்றினால் அடுத்த ஊர்வரை போகலாம் என்று எண்ணாமல் அங்கேயே நிறுத்த வேண்டும். வழக்கம்போல் மைத்துனர் மறந்துவிட்டார். பையன் மறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை சாவியை எடுத்து நான்கு சில்லையும் சுற்றி வந்தான். வலப்பக்க முன்சில்லில் ஒரு நட்டு கால்சுற்றுத் திரும்பியது.